நாலு மணி மாத்திரை

ஜூன் 2, ஞாயிறு

கையேட்டு வேலை உறுதியாகிவிட்டது. வீட்டுக்குள் நேரும் விபத்துகளிலிருந்து குழந்தைகளைக் காப்பது எப்படி என்று அங்கன்வாடிப் பணியாளர்களுக்காக எண்பது பக்கத்தில் எழுத வேண்டும். இருபத்து மூன்று ஆண்டுகளாக மனையியல் துறையில் குழந்தை வளர்ச்சி நடத்துகிறவள் என்பதால் அந்தத் தொண்டு நிறுவனத்தார் என்னிடம் வந்திருக்கிறார்கள். எட்டு அத்தியாயங்கள். 28ஆம் தேதி வரைவோடு கூட்டத்துக்குப் போக வேண்டும்.

கீழ்வீட்டில் இன்று ஒரே சத்தம். கொழுந்தனாரின் மனைவி கோமதிக்கு ஐந்தாம் மாதம். கட்டிலை விட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அவளுடைய தங்கை சங்கரி ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டுச் சங்கரன்கோவிலிலிருந்து வந்து இறங்கியிருக்கிறாள். முப்பது வயது இருக்கும். இரண்டு பைகளையும் வாசலில் போட்டுவிட்டு, அங்கேயே நின்று விசிலடித்தாள். ஆதிரை ஓடிப்போய் அவள் இடுப்பில் ஏறிக்கொண்டாள்.

கோமதியின் மகள் ஆதிரைக்கு மூன்றரை வயது. யாரிடமும் சட்டென்று ஒட்டாத பிள்ளை. என்னிடம் வருவதற்கே எட்டு மாதம் ஆயிற்று. இப்போது மதியம் தூங்கி எழுந்ததும், நாலு மணிக்கு ஒவ்வொரு படியாக ஏறி வந்து, "பெரியம்மா, கதவு" என்பாள். ஒரு படப்புத்தகம், அரை டம்ளர் பால். ஐந்து மணிக்குக் கீழே கொண்டுபோய் விடுவேன்.

இன்று வரவில்லை. விருந்தாளி வந்த நாள், இயல்புதான்.

ஜூன் 4, செவ்வாய்

கீழ்வீட்டுச் சமையலறை வாசலில் ஆசாரியை வைத்து நான் போடச் சொன்ன மரத்தடுப்பைக் காணவில்லை. கேட்டால் கொல்லையில் சாத்தி வைத்திருக்கிறாள்.

"கஞ்சி வடிச்ச பானையக் கையில வச்சுக்கிட்டு இதத் தாண்டணும்னா, பிள்ளைக்கு முன்னாடி நாந்தான்க்கா விழுந்து வேவேன்" என்றாள் சங்கரி.

"அப்போ பிள்ளை அடுப்புகிட்ட வந்தா?"

"அதுக்குத்தான் கேட்டு போட்டிருக்கேன், பாத்தியளா?"

வாசற்படிக்கு இரண்டடி முன்னால் தரையில் கோலமாவால் ஒரு கோடு. இது ரயில்வே கேட் என்றும், சித்தி ஊதினால்தான் திறக்கும் என்றும் பிள்ளையிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

செய்தித்தாளை எடுத்துக்கொண்டு கூடத்தில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஆதிரையின் பந்து உருண்டு கோட்டைத் தாண்டிப் போயிற்று. அவள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடி, "சித்தி, ஊது! பந்து மாட்டிக்கிச்சு!" என்று கத்தினாள். கால் விரல்கூடக் கோட்டில் படவில்லை.

இரண்டு நாள் நடப்பதெல்லாம் ஆதாரம் ஆகாது.

ஜூன் 5, புதன்

நாலு மணிக்கு யாரும் வரவில்லை. இருபத்திரண்டு விடைத்தாள் திருத்தினேன். பாலை இவர் குடித்தார்.

ஜூன் 8, சனி

கையேட்டுக்குக் கள ஆய்வாக இருக்கட்டும் என்று தனியாக ஒரு குறிப்பேடு போட்டிருக்கிறேன். கண்ணில் பட்டதைத் தேதி, நேரத்தோடு எழுதிக்கொள்வது. இன்று காலை 7.20: சங்கரி வாசலில் நின்று பல் துலக்குகிறாள், ஆதிரையும் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே முற்றத்தைச் சுற்றி ஓடுகிறாள். விழுந்தால் தொண்டையில் குத்தும். 8.10: வெந்நீர் வாளியைக் குளியலறையில் இறக்கிவிட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிறாள். (பச்சைத் தண்ணீரை முதலில் நிரப்பிவிட்டு அப்புறம்தான் வெந்நீரைக் கலந்தாள் என்பதையும் நேர்மைக்காக எழுதுகிறேன்.) 11.00: தைத்துக்கொண்டிருந்த ஊசியைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் குத்திவைக்கிறாள்.

கோலமாவுக் கோட்டை ஆதிரை இன்னும் தாண்டவில்லை. அதைச் சமையலறை பற்றிய அத்தியாயத்தில் சேர்த்துக்கொண்டேன். "ஒரு வீட்டில் ஒரு தாய் இப்படிச் செய்ததைக் கண்டோம்" என்று எழுதினேன். பெயர் போட்டு எழுதுவது இத்தகைய நூல்களில் வழக்கமில்லை.

ஜூன் 12, புதன்

நாலு மணிக்கு நானே கீழே இறங்கிப் போனேன். தயிருக்கு உறை வாங்க.

கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ரயில் விட்டுக்கொண்டிருந்தார்கள். சங்கரி என்ஜின். பின்னால் கரடி பொம்மை, அதற்குப் பின்னால் ஆதிரை. கட்டிலில் படுத்தபடி கோமதி கொடி காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆதி, பெரியம்மாகிட்ட வரலையா? யானைப் புத்தகம் வாங்கி வச்சிருக்கேனே" என்றேன்.

"ரயில் போய்ட்டிருக்கு பெரியம்மா. தென்காசில நிக்கும்போது வாரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"நீங்களும் ஏறுங்கக்கா, கடைசிப் பெட்டி காலியாத்தான் கிடக்கு" என்றாள் சங்கரி.

அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி மேலே வந்தேன். தயிர் உறையை வாங்க மறந்துவிட்டேன்.

இவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "கீழ போய்ச் செத்த நேரம் உக்காந்து சிரிச்சா என்ன, குறைஞ்சா போயிரும்?" என்றார். மின்வாரியத்தில் முப்பது வருஷம் கம்பத்தைப் பார்த்தவருக்கு மனிதர்களைப் பற்றி என்ன தெரியும்?

ஜூன் 13, வியாழன்

வண்ண மிட்டாய் ஒரு பொட்டலம் வாங்கினேன். பொத்தான் அளவில், மேலே சர்க்கரைப் பூச்சுப் போட்டது. ஆதிரைக்குச் சிவப்புதான் பிடிக்கும். சிவப்பை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு, மற்றதைத் துறை அலுவலக மேசையில் வைத்தேன். இவருக்குச் சர்க்கரை இருக்கிறது, வீட்டில் வைக்க முடியாது.

கடைவாய்ப் பல் சொத்தையானதிலிருந்து பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கக் கூடாது என்று கோமதி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். தினம் ஒன்று என்பது பல்லை ஒன்றும் செய்யாது. ஆனால் பிள்ளை கீழே போய்ச் சொல்லிவிடும். அதனால் என்னுடைய பழைய மாத்திரைச் சீசா ஒன்றைக் கழுவிக் காயவைத்து, அதில் போட்டேன்.

மாடி வராந்தாவிலிருந்து சைகை காட்டிக் கூப்பிட்டேன். வந்தாள்.

"இது பெரியம்மா ஆஸ்பத்திரி. நீங்க யாரு, நோயாளியா? எங்க வலிக்கு?"

கொஞ்சம் யோசித்து, "முட்டில" என்றாள். பெரியப்பாவைப் பார்த்துக் கற்றது.

"நாலு மணிக்கு ஒரு மாத்திரை. தினம் வந்து வாங்கிக்கணும். டாக்டர் குடுத்ததை யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா மாத்திரை வேலை செய்யாது."

வாயில் போட்டதும் அவள் முகம் விரிந்ததை எழுதத் தெரியவில்லை.

ஜூன் 19, புதன்

ஏழு நாளும் தவறாமல் வந்தாள். இன்று 3.55க்கே கதவு தட்டப்பட்டது. முட்டி வலி, வயிற்று வலி, மூக்கு வலி எல்லாம் வந்துவிட்டன. இன்று தலைமுடி வலி. மாத்திரை முடிந்ததும் மடியில் உட்கார்ந்து யானைப் புத்தகம் முழுவதும் கேட்டாள்.

உலர்த்திய துணிகளைக் கொடியிலிருந்து எடுக்க வந்த சங்கரி கேட்டாள்: "அப்படி என்னத்தக்கா வச்சிருக்கீய மேல? நாலு மணியானா ரயிலு, கியிலு ஒண்ணும் வேண்டாங்கா. பாதி வழியில என்ஜின விட்டுட்டு ஓடியாறா."

"புத்தகம்" என்றேன்.

"எனக்கும் ஒண்ணு குடுங்களேன், நானும் படிச்சுக் காட்டுதேன்."

"அதுக்கெல்லாம் பழக்கம் வேணும்மா."

அவள் முகம் கொஞ்சம் வாடிற்று. இரவுச் சாப்பாட்டுக்குச் சப்பாத்தி போட்டேன். நன்றாக வந்தது.

ஜூன் 21, வெள்ளி

ஆனித் தேர். கூட்டத்துக்குள் மூன்றரை வயதுக் குழந்தையைக் கொண்டுபோவதா என்று நான் கேட்டதை யாரும் காதில் வாங்கவில்லை. சங்கரி ஒரு துணித்துண்டில் போன் நம்பரை எழுதிப் பிள்ளையின் பாவாடைக்கு உள்பக்கம் தைத்துவிட்டு, தோளில் ஏற்றிக்கொண்டு போனாள். அந்த யோசனை என் வரைவில் இல்லை. அதையும் எழுதிக்கொண்டேன்.

நாலு மணிக்கு வரவில்லை. ஆறு மணிக்குப் பலூன் ஊதலோடு வந்தாள். பலூன் வெடித்தால் துண்டு தொண்டையில் அடைக்கும் என்று சொல்லி நான் அதை வாங்கி வைத்துவிட்டேன். அழுதாள். சங்கரி அவளைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நின்று, வாயாலேயே பலூன் ஊதல் மாதிரி ஊதிக் காட்டினாள். அழுகை நின்றது.

நான் செய்ததுதான் சரி. எந்தப் புத்தகத்தில் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஜூன் 22, சனி

கோமதியை ஸ்கேனுக்குக் கூட்டிப் போய் வந்தார்கள். ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். சங்கரி ஐந்து அட்டை வாங்கி வந்தாள். சிவப்பு நிறம். மாலையில் பார்த்தேன், ஓர் அட்டை கட்டிலை ஒட்டியிருக்கும் ஸ்டூலில் கிடந்தது. குறிப்பேட்டில் எழுதியாயிற்று.

ஜூன் 24, திங்கள்

ஆறாம் அத்தியாயம்: மருந்துகளும் நஞ்சும். ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். "குழந்தையை மருந்து குடிக்க வைப்பதற்காக அதை மிட்டாய் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள்" என்ற வரியை எழுதியபோது பேனா ஒரு கணம் நின்றது. ஆனால் இரண்டும் வேறு. மருந்தை மிட்டாய் என்று சொன்னால் குழந்தை மருந்தைத் தேடும். நான் மிட்டாயைத்தான் மருந்து என்கிறேன். தவிரவும், என்னுடைய உண்மையான ரத்த அழுத்த மாத்திரைகள் அலமாரியில் பூட்டியிருக்கின்றன. சாவி எப்போதும் என் கைப்பையில்.

ஸ்டூலில் மீண்டும் அட்டை. இரண்டாவது முறை.

ஜூன் 26, புதன்

மூன்றாவது முறை. மதியம் 1.15. கோமதி தூக்கம், சங்கரி துணி துவைக்கிறாள், அட்டை ஸ்டூலில், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரம்.

எடுத்து மேலே வைத்திருக்கலாம். வைத்தால் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி இல்லாமல் போகும். சங்கரியிடம் சொன்னால் சிரித்து மழுப்புவாள். ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் குரு வீட்டில் இருப்பார். குறிப்பேட்டை அவரிடமே காட்டி, பயிற்சி உள்ள ஓர் ஆயாவை அமர்த்திக்கொள்வது நல்லது என்று பக்குவமாகச் சொல்ல வேண்டும். இவரிடம் இன்றே சொல்லி வைத்தேன்.

ஜூன் 27, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. நாளைக் கூட்டத்துக்கு மூன்று பிரதி எடுத்தேன். நாலாவது முறை.

ஜூன் 29, சனி

நேற்று எழுதவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து குளிக்க வந்திருக்கிறேன். நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

கூட்டம் மூன்று மணிக்கு ஆரம்பித்தது. போனின் ஒலியை அமர்த்திப் பைக்குள் வைத்திருந்தேன். அட்டைப்படத்துக்குக் குழந்தை சிரிக்கும் படம் போடுவதா, அழும் படம் போடுவதா என்பதிலேயே ஒரு மணி நேரம் போயிற்று. ஐந்தே காலுக்கு வெளியே வந்து பார்த்தால் பதினோரு அழைப்புகள்.

நாலு மணிக்கு ஆதிரை மாடிக்கு வந்திருக்கிறாள். கதவு பூட்டியிருந்திருக்கிறது. நான் இருக்கமாட்டேன் என்று அவளிடம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். கூட்ட நினைப்பில் விட்டுவிட்டேன். கீழே போயிருக்கிறாள். கோமதி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சங்கரி கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்திய பிறகும் பிள்ளையின் சத்தம் இல்லையே என்று எட்டிப் பார்த்தபோது, ஆதிரை கட்டிலுக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கரடி பொம்மையிடம், "உனக்கு எங்க வலிக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். உதடெல்லாம் சிவப்பு.

சங்கரி கத்தவில்லை. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் இல்லை. வாயில் கிடந்ததைத் துடைத்து எடுத்துவிட்டு, அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி, வந்த முதல் ஆட்டோவை மறித்திருக்கிறாள். டாக்டர் கேட்டதும், "புது அட்டை, பத்து. அக்கா காலைல போட்டது ஒண்ணு. அட்டையில மிச்சம் ரெண்டு. பொம்மை வாயிலருந்து விழுந்தது ஒண்ணு. ஆறு உள்ள போயிருக்கு டாக்டர்" என்று சொன்னாளாம். அந்தக் கணக்குதான் உதவியது என்று டாக்டரம்மா என்னிடமே சொன்னார். கையேட்டில் இருப்பதும் இதுவேதான். அவள் என் கையேட்டைப் படித்ததில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆதிரை நான்கு தடவை வாந்தி எடுத்திருந்தாள். படம் எடுத்ததில் வயிற்றில் மூன்று மாத்திரைகள் கரையாமல் தெரிந்தனவாம். மூக்கு வழியாகக் குழாய் விட்டிருந்தார்கள். நெஞ்சில் ஒயர்கள். இரண்டு கையிலும் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு.

"நெஞ்சுல எதுக்கு?" என்று கேட்டேன்.

குரு திரும்பினார். "மதினி, நல்ல நேரத்துல வந்தீங்க. இவ பெரியம்மா ரூம்ல தினமும் மாத்திரை சாப்பிடுவேன்னு சொல்லுதா. உங்க பிரஷர் மாத்திரையையும் எடுத்துத் தின்னிருக்காளோன்னு டாக்டர் பயப்படுதாங்க. அதுக்காக இன்னொரு தடவை ஊசி குத்தி ரத்தம் எடுத்து, ஈசிஜி பாத்து… போன எடுக்கவே மாட்டேங்கீங்களே!"

டாக்டரம்மா சின்னப் பெண். "அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க மாத்திரை பிள்ளை கைக்கு எட்டுமா?" என்றார்.

கைப்பையைத் திறந்து சாவியை எடுத்துக் காட்டினேன். "அலமாரியில் பூட்டியிருக்கு. சாவி இதோ. என் மாத்திரை எதுவும் அவள் கைக்குப் போகவில்லை. உறுதியாகச் சொல்கிறேன்."

எல்லோரும் மூச்சு விட்டார்கள். "பிள்ளை ஏதோ விளையாட்டுல சொல்லியிருக்கு" என்றார் குரு. நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

சங்கரி மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவர் அவள் பக்கம் திரும்பினார். "மாத்திரைய எங்க வைக்கணும்னுகூடத் தெரியாதா உனக்கு? வயித்துப் பிள்ளைக்காரியவும் பச்சப்பிள்ளையவும் உன்னை நம்பித்தானே விட்டுட்டுப் போறேன்? ரயில் விடத்தான் வந்தியா?"

வராந்தாவில் எல்லோரும் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் அத்தான்" என்றாள்.

குறிப்பேடு என் பைக்குள்தான் இருந்தது. எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

ஆபத்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மாலையில் ஆதிரையை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். குரல் கரகரவென்று இருக்கிறது.

சங்கரியைச் செவ்வாய்க்கிழமை ஊருக்கு அனுப்புவது என்று முடிவாகியிருக்கிறது. "நீங்க அப்பவே ஆயா வைக்கலாம்னு அண்ணன்கிட்ட சொன்னீங்களாமே மதினி. நாங்கதான் கேக்கல" என்றார் குரு.

முருங்கைக்கீரை ஆய்ந்தேன். பாதி பூச்சி.

ஜூலை 1, திங்கள்

மதியம் கதவு தட்டப்பட்டது. சங்கரி. போன வாரம் நான் பாயசம் கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டியைத் திருப்பித் தர வந்திருந்தாள். கழுவித் துடைத்து, வெறும் பாத்திரமாகத் தரக் கூடாது என்று உள்ளே ஒரு கை அச்சுமுறுக்கு. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அன்னைக்கு ஆட்டோல போகும்போதே கேட்டேன்க்கா, ஏட்டி, எதுக்கு இதைத் தின்னன்னு. 'பெரியம்மா மாத்திரை மாதிரியே இருந்துச்சு சித்தி, இதும் மேல தித்திச்சுது'ங்கா."

நான் தூக்குச்சட்டியை மேசையில் வைத்தேன்.

"அதுக்கும் முன்னாடியே தெரியும். பாவாடை அலசும்போது பையில ஒண்ணு இருந்துச்சு. பாதி சப்புனது. என்னமோ ஏதோன்னு நக்கிப் பாத்தேன். மிட்டாய். சரி, மதியத்துல ஒரு மிட்டாய் குடுக்காங்க, அதுல என்னன்னு விட்டுட்டேன். மாத்திரைன்னு சொல்லிக் குடுத்தீங்கன்னு தெரியாது."

"ஆஸ்பத்திரியில் ஏன் சொல்லலை?"

"நீங்க சாவியக் காட்டினீங்களே, அதோட டாக்டருக்கு வேண்டியது கிடைச்சிருச்சு. பொறவு எதுக்கு?"

"குரு உன்னைத் திட்டினப்போ?"

"அந்த அட்டைய ஸ்டூல்ல வைக்கது நானா? படுத்தவாக்குல கைய நீட்டி எடுக்க வசதின்னு அக்காதான் வைக்கா. நான் எடுத்து மேல வைப்பேன், அவ எந்திரிச்சுத் திருப்பி எடுத்து வைப்பா. எந்திரிக்காதட்டின்னா கேட்டாத்தானே? அதச் சொன்னா அத்தான் அவளைப் பேசுவாரு. வயித்துல பிள்ளையோட அழுதுட்டுக் கிடப்பா. எனக்கென்ன, நாளைக்குப் பஸ் ஏறப்போறவதானே. மொத்தத்தையும் என் பேர்ல எழுதிக்கிட்டேன்."

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். கடைப்பெண்கள் புடவை பிடிக்காமல் எழுந்து போகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதைப் போல.

"உங்ககிட்ட அந்த மிட்டாய்ப் பேச்சை அன்னைக்கே எடுத்திருக்கணும். எடுத்திருந்தா இது நடந்திருக்காது. ஆனா நீங்க எங்கிட்ட முகம் குடுத்துப் பேசவே மாட்டீயளே செண்பகக்கா, எப்படிக் கேக்க?"

படியில் பாதி இறங்கியவள் நின்று, "அந்தச் சீசாவ மட்டும் தூரப் போட்டுருங்க" என்றாள்.

முறுக்கைத் தொடவில்லை.

அதே நாள், மாலை

சீசாவைக் கையில் எடுத்தேன். போடவில்லை.

எதையும் அவளே எடுத்துக்கொள்கிறாள். வந்த அன்றே பிள்ளையை எடுத்துக்கொண்டாள். மரத்தடுப்புக்குப் பதில் கோடு, பலூனுக்குப் பதில் வாய். ஆஸ்பத்திரியில் கணக்கு. இப்போது அக்காவின் தப்பு, என் தப்பு, இரண்டையும் தன் பேரில் எழுதிக்கொண்டு, விசிலடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். நான் இந்த மாடியில், அவள் கொடுத்துவிட்டுப் போன நல்ல பெயரோடு இருக்க வேண்டும். நாலு மணிக்குப் பிள்ளை வரும்போதெல்லாம் அது அவள் விட்டுக்கொடுத்ததாக இருக்கும்.

அதை மட்டும் அவளுக்குக் கொடுக்க முடியாது.

ஜூலை 2, செவ்வாய்

பத்து மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. குரு இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு நடையில் நின்றார். கோமதி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஆதிரை சங்கரியின் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிடித்திருந்தாள்.

படியிறங்கிப் போய்ச் சீசாவைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். பக்கத்தில் குறிப்பேடு.

"ஐ, பெரியம்மா மாத்திரை!" என்றாள் ஆதிரை.

"இது மிட்டாய். ஜூன் பதிமூணாம் தேதியிலிருந்து தினமும் நாலு மணிக்கு மாத்திரை என்று சொல்லி நான்தான் கொடுத்தேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் நான்தான் சொன்னேன். அவள் கோமதியின் மாத்திரையை எடுத்தது அதனால்தான்."

வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில் பேசிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே கேட்டது. மாற்ற முடியவில்லை.

"ஸ்டூலில் அட்டை இருந்ததை நாலு தடவை பார்த்தேன். தேதியும் நேரமும் இதில் இருக்கு. எடுத்து மேலே வைக்கவில்லை. சொல்லவும் இல்லை. சங்கரி பேரில் குறை எழுதுவதற்காக விட்டுவைத்தேன்."

குரு பைகளைக் கீழே வைத்தார். "நீங்களா மதினி?" என்றார். குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டே, "புக்கு எழுதுற நீங்களா?" என்றார்.

"அக்கா, எதுக்குக்கா இப்போ…" என்று சங்கரி என் கையைப் பிடித்தாள். விடுவித்துக்கொண்டேன்.

கோமதி மெல்லத் திரும்பினாள். "ஸ்டூல்ல வச்சது நாந்தாங்க" என்று புருஷனிடம் சொன்னாள். "அவ எடுத்து எடுத்து மேல வச்சா. நான்தான் கேக்கல." அழவில்லை. பிறகு என்னைப் பார்க்காமலேயே, "எம்பிள்ள இனிம மேல வராது" என்றாள்.

ஆட்டோ காலியாகத் திரும்பிற்று.

ஜூலை 3, புதன்

நாலு மணி.

ஜூலை 6, சனி

கையேட்டின் இறுதி வடிவத்தை அனுப்பினேன். ஆறாம் அத்தியாயத்தில் ஒரு வரி சேர்த்தேன்: மிட்டாயையும் மருந்து என்று சொல்லாதீர்கள். சமையலறை அத்தியாயத்தில் "ஒரு தாய்" என்றிருந்ததை அடித்துவிட்டு, "சங்கரன்கோவிலைச் சேர்ந்த சங்கரி" என்று எழுதினேன். எழுத மனம் வரவில்லை. எழுதினேன்.

ஜூலை 8, திங்கள்

கல்லூரியிலிருந்து வந்ததும் பார்த்தேன். கீழ்வீட்டுக் கூடத்தில், மாடிப்படியின் முதல் படிக்கு முன்னால், கோலமாவால் ஒரு கோடு. கோமதி போடச் சொல்லியிருப்பாள். நேராக, ஒரே இழுப்பில் இருந்தது. சங்கரிக்குக் கை நடுங்குவதில்லை.

கால் படாமல் தாண்டி மேலே வந்தேன்.

நாலு மணிக்குக் கொலுசுச் சத்தம் கேட்டது. படிகளில் ஏறவில்லை. கீழேயே நின்றது.

"பெரியம்மா!"

எழுந்து மேல்படியில் போய் நின்றேன். கோட்டுக்கு அந்தப் பக்கம், இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கையில் கரடி.

"கேட்டு மூடியிருக்கு பெரியம்மா. நான் வரக் கூடாது."

"தெரியும்."

"நீங்க வரலாமாம். சித்தி சொன்னா."

கூடத்தைப் பார்த்தேன். சங்கரி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோமதிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். இருவரும் திரும்பவில்லை.

யானைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கடைசிப் படியில் உட்கார்ந்தேன். அதற்கு மேல் போகவில்லை. ஆதிரை கோட்டுக்கு அந்தப் பக்கம் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் படம் நேராகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் புத்தகத்தை அவள் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, எழுத்துகளைத் தலைகீழாகப் பார்த்து வாசித்தேன்.

மூன்றாம் பக்கத்தில் அவள் கரடியின் வாயைத் திறந்து பார்த்தாள். "இதுக்கு வலிக்கு. மாத்திரை?" என்றாள்.

"மாத்திரை இல்லை. அது மிட்டாய். பெரியம்மா தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு கூடத்தின் பக்கம் திரும்பி, "சித்தி, அது மிட்டாயா?" என்று கேட்டாள்.

"ஆமாட்டி. பெரியம்மா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள் சங்கரி, சீப்பை நிறுத்தாமல்.

அதற்குப் பிறகுதான் ஆதிரை தலையாட்டினாள்.